துறைமுகம் இல்லாத கரையில் இறங்கியவர்களும் இடம் கொடுத்தவர்களும்

கோரிப்பாளையம் வட்டாரக் கல்லூரிகளில் வரலாறு பயிலும் மாணவ மாணவியருக்கும் அவர்தம் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு திறந்த மடல்



பழவேற்காட்டில் ஒல்லாந்தர், தரங்கம்பாடியில் டேனியர், சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் என்று ஊரையும் இனத்தையும் ஆண்டையும் மனப்பாடம் செய்து, தேர்வில் 'பொருத்துக' என்னும் பகுதியில் முழு மதிப்பெண் பெற்றுவிடும் ஒரு மாணவர், அந்தந்த ஊர் அந்தந்தக் குழுவுக்கு ஏன் வாய்த்தது என்றோ, கடலிலிருந்து இறங்கிய அந்நியருக்கு வீட்டுமனையும் மொழிபெயர்ப்பாளரும் கடனும் சரக்கும் கிடைக்கச் செய்தவர் யார் என்றோ ஒருமுறைகூடக் கேளாமல் பட்டம் பெற்று வெளியேற இயலும்படியாகவே நம் பாடநூல்கள் அமைந்திருக்கின்றன. கேட்கப்படாமல் போகும் அந்தக் கேள்விகளுக்காகவே இம்மடல் எழுதப்படுகிறது. சோழமண்டலக் கரையில் எந்த ஐரோப்பியக் குழு எவ்வூரில் காலூன்றும் என்பதைக் கப்பல் தலைவனைக் காட்டிலும் உள்நாட்டு அரசனும் வணிகனும் நெசவாளனும் படகோட்டியும் பெரிதும் தீர்மானித்தார்கள் என்பதும், அவர்களுடைய பெயர்களை வரலாற்றில் எழுதும் பொறுப்பு கடலிலிருந்து தொலைவில் இருக்கும் மதுரைக்கும் உண்டு என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்துகளாகும்.

முதலில் கரையின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். துறைமுகம் என்றவுடன் அலை அடங்கிய நீரும், கப்பல் வந்து அணையும் சுவரும் மனத்தில் தோன்றுவது இயல்பே. ஆயின், கோடிக்கரைக்கு வடக்கே நீண்டு கிடக்கும் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆற்றுமுகங்களை மணல் அடைத்துக்கொள்கிறது; கரையோரம் அலை உயர்ந்து உடைகிறது. ஆகையால் கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, மக்களும் மூட்டைகளும் மசூலாப் படகுகளில் கரைக்கு வந்து சேர்ந்தனர். மசூலாப் படகு என்பது ஆணி அறையாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்து இணைத்துச் செய்யப்படும் படகாகும். அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும் அப்படகையும், மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்தையும் செலுத்தத் தெரிந்த கடலோர மக்களின் துணையின்றி எந்த ஐரோப்பியனும் இக்கரையில் உலர்ந்த காலோடு இறங்கியதில்லை. ஆளுநரே ஆனாலும் அவர் உயிர் சில நாழிகை நேரம் படகோட்டிகளின் கையில் இருந்தது.

இதனோடு பருவக்காற்றின் இடரும் சேர்ந்துகொண்டது. வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திறந்த கடலில் நிற்கும் கப்பலுக்குப் பாதுகாப்பில்லை. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அடுத்த மாதமே வீசிய புயலில் தம் கப்பற்படையின் பெரும்பகுதியைப் பறிகொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபோதும், 1881 நவம்பரில் வந்த புயல் அதன் சுவர்களைத் தகர்த்தெறிந்தது. இத்தகைய கரையில், நல்ல துறைமுகம் இருந்ததால் ஐரோப்பியர் இவ்வூரைத் தேர்ந்தனர் என்னும் விளக்கம் எந்த ஊருக்கும் பொருந்தாது. கப்பலுக்கு ஏற்ற இடம் தேடியிருந்தால் அவர்கள் இலங்கையின் இயற்கைத் துறைமுகமான திருகோணமலையோடு நின்றிருப்பார்கள்.

அவர்கள் தேடி வந்தது துணியை. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த மொலுக்கஸ் முதலிய கீழைத்தீவுகளின் மக்கள் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத்துச் சாயத்துணியையும் எழுத்துத்துணியையும் விரும்பி வாங்கினர். எழுத்துத்துணி என்பது எழுதுகோல் போன்ற கருவியால் கையாலே வண்ணம் தீட்டப்பட்ட பருத்தித்துணியாகும். ஆகவே வாசனைப்பொருள் வேண்டிய ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், தீவுகளுக்குப் போகும் வழியில் இக்கரையில் துணி வாங்கியாக வேண்டியிருந்தது. துணியோ கடற்கரையில் நெய்யப்படவில்லை. கைக்கோளர், சேணியர், தேவாங்கர், சாலியர் ஆகிய நெசவாளர் வாழ்ந்த உள்நாட்டு ஊர்களில் நெய்யப்பட்டது. நெசவாளருக்கு நூல் வாங்க முன்பணம் வேண்டும். முன்பணம் கொடுத்துச் சரக்கைக் காலத்தில் பெற்றுத் தர ஊரறிந்த வணிகர் வேண்டும். சரக்கு வண்டிகள் சுங்கச் சாவடிகளில் தடைபடாமல் கரைக்கு வர அவ்வூர் ஆள்பவரின் அருள் வேண்டும். ஒரு கடற்கரை ஊரின் மதிப்பு அதன் பின்னால் இருந்த தறிகளாலும் வணிகர்களாலும் அரசனாலும் அளக்கப்பட்டது என்பதை உணர்ந்தால், வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் ஊர்ப்பெயர்களுக்கு ஓர் ஒழுங்கு புலப்படும்.

பழவேற்காடு இதற்கு நல்ல சான்று. விசயநகர மரபில் வந்த இரண்டாம் வெங்கடபதியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அவ்வூரில் 1610-ல் ஒல்லாந்தருக்கு இடம் கிடைத்தது. சாந்தோமில் குடியேறியிருந்த போர்த்துகீசியர் 1612-ல் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்த பிறகும் ஒல்லாந்தர் அங்கேயே தங்கி, 1613-ல் கெல்டிரியா என்னும் கோட்டையை நிலைநிறுத்த முடிந்ததற்கு அரசரின் அவையிலும், பழவேற்காட்டின் வருவாய் உரிமை பெற்றிருந்த அரசியின் தரப்பிலும் இருந்த ஆதரவே அடிப்படை. அந்த ஆதரவு கலையாமல் காத்தவர்களுள் மலையா செட்டி, சின்னண்ணா செட்டி என்னும் உடன்பிறந்தோர் இருவரும் முதன்மையானவர்கள். அவர்கள் ஒல்லாந்தரின் வணிக நிறுவனமான கும்பினிக்குத் துணி வாங்கிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. சொந்தமாகக் கப்பல் விட்டார்கள், வரிக்குத்தகை எடுத்தார்கள், சிற்றரசர்களுக்கிடையே தூது போனார்கள், படையும் திரட்டினார்கள். ஒல்லாந்தருடைய பதிவேடுகளில் இவர்களுடைய பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது; நம் பாடநூல்களில் ஓரிடத்திலும் வருவதில்லை.

தரங்கம்பாடியின் கதை இன்னும் நெருங்கிப் பார்க்கத்தக்கது, ஏனெனில் அங்கே குடியேறிய டேனியர் அவ்வூரைத் தேடி வரவே இல்லை. கண்டி அரசரின் தூதர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு டென்மார்க்குக்கு வந்த மார்செலிஸ் போஷூவர் என்னும் ஒல்லாந்தரின் சொல்லை நம்பி, அரசர் நான்காம் கிறிஸ்டியன் 1618-ல் ஓவெ கெட்டே என்னும் இளைஞரின் தலைமையில் இலங்கைக்குக் கப்பல்களை அனுப்பினார். போஷூவர் வழியிலேயே கடலில் இறந்துவிட, இலங்கையில் அவர்களுக்கு எதிர்பார்த்த வரவேற்பும் கிட்டவில்லை. இதற்கிடையில் முன்னதாக அனுப்பப்பட்ட கப்பல் காரைக்கால் அருகே போர்த்துகீசியரால் தாக்கப்பட்டு மூழ்க, அதன் தலைவரும் முன்பு ஒல்லாந்தக் கும்பினியில் பணிபுரிந்தவருமான ரோலண்ட் கிராப்பே, 13 பேருடன் உயிர் தப்பித் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். கப்பலையும் சரக்கையும் இழந்து வந்த மனிதர்களை அரசர் நாகப்பட்டினத்துப் போர்த்துகீசியரிடம் ஒப்படைத்திருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. அதற்கு இரக்கம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அரசியல் காரணம் அதைவிட வெளிப்படையானது. தம் நாட்டுக் கடல்வணிகம் நாகப்பட்டினத்துப் போர்த்துகீசியர் கையில் மட்டும் குவிந்திருப்பது தஞ்சைக்கு நல்லதன்று. அவர்களுக்குப் போட்டியாக மற்றொரு ஐரோப்பியக் குழு அருகிலேயே இருந்தால் விலையும் வரியும் அரசருக்குச் சாதகமாக அமையும். 1620 நவம்பர் 19-ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையின்படி தரங்கம்பாடி டேனியருக்குக் கிடைத்தது. இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

மதுரை மாணவர்கள் இங்கே மற்றொன்றையும் கவனிக்கலாம். டேனியர் இறங்கிய தரங்கம்பாடி ஆளற்ற மணல்மேடு அன்று. மதுரையிலிருந்து ஆண்ட மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஐ ஒட்டி, அங்கே கடற்கரையில் எழுப்பப்பட்ட மாசிலாமணி நாதர் கோயில், அவ்வூர் குலசேகரன்பட்டினம் என்னும் பெயரையும் தாங்கிய வணிகத்தலமாக விளங்கியதைக் காட்டுகிறது. டேனியக் கோட்டையைக் காணச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் அலை அரித்த அக்கோயிலின் வாயிலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முந்நூறு ஆண்டு முந்திய அவ்வணிகமே டேனியருக்கு அவ்வூரை வாழத்தக்கதாக்கியது என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

கரையின் தயவை டேனியர் எந்த அளவுக்கு நம்பி வாழ்ந்தார்கள் என்பதைப் பின்னாளைய நிகழ்வு புலப்படுத்துகிறது. 1669 வரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கப்பலும் வரவில்லை. அதிகாரிகள் இறந்தும் பிரிந்தும் போக, எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க என்னும் எளிய படைவீரர் ஒருவரே கடைசியில் டேனியக் கொடியைக் காத்து நின்றார். உள்ளூர்ச் சிப்பாய்களும் வணிகரும் போர்த்துகீசியக் கலப்பினத்தாரும் உடனிருந்ததால்தான் அது அவருக்கு இயன்றது. அவர் வங்காளக் கப்பல்களைக் கொள்ளையிட்டும் காலம் தள்ளினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் 1706-ல் சீகன்பால்கும் புளூட்சாவும் சமயப்பணிக்காக அங்கு வந்தபோது, டேனிய ஆளுநர் அவர்களை முகம்கொடுத்து வரவேற்கவில்லை; திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் சிறுவர்களோடு சேர்த்து மணலில் எழுத்துப் பழக்கினார், டேனியக் கும்பினியில் முன்பு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் தமிழைப் போர்த்துகீசிய மொழியின் வழியே விளக்கினார். 1714, 1715 ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னே இவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

சென்னையைப் பற்றிப் பலரும் அறிவர். ஆகவே சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆங்கிலேயர் 1611-ல் மசூலிப்பட்டினத்திலும் 1626-ல் துர்கராஜபட்டினத்திலும் பண்டகசாலை வைத்திருந்தும், நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே வந்த பிரான்சிஸ் டேக்கு 1639 ஆகஸ்டு 22-ஆம் நாள் தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கர் இடம் எழுதிக் கொடுத்தார். நாயக்கருக்கு இதில் இருந்த நாட்டம் தெளிவானது: தம் நாட்டில் வணிகம் பெருக வேண்டும், பாரசீகக் குதிரைகள் தமக்குக் கிடைக்க வேண்டும். இடம் வாங்கித் தரும் பேச்சில் டேக்குத் துணைநின்றவர் துபாஷ் பேரி திம்மப்பா. துபாஷ் என்பவர் மொழிபெயர்ப்பதோடு வணிகத்தரகும் செய்து, ஐரோப்பியருக்கும் ஊராருக்கும் நடுவில் நின்றவர். துர்கராஜபட்டினத்திலிருந்து உடன் வந்த வெடிமருந்து செய்பவரான நாகபட்டனும், திம்மப்பா வரவழைத்த நெசவாளரும் வண்ணாரும் வணிகரும் குடியேறிய பிறகே கோட்டைக்கு வெளியே ஒரு பட்டணம் உருவாயிற்று. அப்பட்டணம் ஆங்கிலக் கும்பினியின் கட்டளைக்கு மட்டும் அடங்கியதாகவும் இருக்கவில்லை: வலங்கை, இடங்கை என்று பிரிந்திருந்த சாதிக்கூட்டங்கள் எந்தத் தெருவில் எவர் வாழ்வது, எவ்வழியே திருமண ஊர்வலம் போவது என்று 1652-லும் 1707-லும் மோதிக்கொண்டன, இரண்டாம் முறை வலங்கையார் பலர் சாந்தோமுக்கே பெயர்ந்து போய்விட, ஆளுநர் தாமஸ் பிட் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார். குடிகள் எழுந்து போய்விட்டால் கோட்டைக்குள் இருப்பவர்க்குச் சோறும் சரக்கும் இல்லை என்பதை இருதரப்பும் அறிந்திருந்தன.

புதுச்சேரியில் இடம் கொடுத்தவரே அடுத்தடுத்து மாறிக்கொண்டிருந்தார். பீசப்பூர் சுல்தானுக்காக வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி, வடக்கே ஒல்லாந்தரும் கோல்கொண்டாவும் பிரெஞ்சுக்காரரைச் சாந்தோமில் நெருக்கிக்கொண்டிருந்த வேளையில், 1673-ல் அவர்களுக்குப் புதுச்சேரியைக் கொடுத்தார். 1674-ல் அங்கு அமர்ந்த பிரான்சுவா மர்த்தேன் அவருக்கே பணம் கடன் கொடுக்கும் அளவுக்கு நெருக்கமானார்; 1677-ல் சிவாஜியின் படை ஷேர்கானை வென்று அகற்றியபோது, அதே மர்த்தேன் சிவாஜியிடம் ஆள் அனுப்பித் தம் இருப்புக்கு இசைவு பெற்றுக்கொண்டார். இதற்குத் தெற்கே, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் 1690-ல் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரை நிலம் அவர்களுக்கு உரியது என்று பேசப்பட்டது. அவ்வெல்லைக்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று அழைக்கப்பட்டன. அரசர்கள் விற்றும் வாங்கியும் கொண்டிருந்த அந்நாளில், குண்டு விழுந்த ஊர்களில் குடியிருந்தவர்களிடம் எவரும் இசைவு கேட்டதாகத் தெரியவில்லை.

இனி மதுரைக்கும் அதன் தென்கடற்கரைக்கும் வரலாம். தூத்துக்குடியிலும் அதன் தென்கரையிலும் துணியைவிட முத்தே முந்திப் பேசியது. முத்துக்குளித்துறையின் பரதவர், 1530களில் குளிப்புரிமை பற்றிக் காயல்பகுதி இசுலாமிய வணிகரோடு மூண்ட கடும்பூசலில் சிக்கியிருந்தபோது, குதிரை வணிகரான ஜோவான் தா குருஸ் என்பவரின் அறிவுரையின்படி தங்கள் ஊர்த்தலைவர்களாகிய பட்டங்கட்டிகள் சிலரைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டனர். பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். ஆக, இக்கரைக்குப் போர்த்துகீசியர் வந்து தங்கியது பட்டங்கட்டிகள் போய் அழைத்ததன் விளைவாகும். அழைத்தவர்கள் அதற்குப் பெருவிலையும் கொடுத்தார்கள்: வரியும் அடக்குமுறையும் இரு தரப்பிலிருந்தும் வந்தன, 1544-ல் தெலுங்கு வீரர்களைக் கொண்ட வடுகப்படை கரையூர்களைச் சூறையாடியபோது, பாறைகளில் ஒதுங்கிப் பசித்துக் கிடந்த மக்களுக்கு உணவுப் படகுகளோடு சென்றவர் 1542-ல் இக்கரைக்கு வந்திருந்த பிரான்சிஸ் சவேரியார். பின்னர் 1658-ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை விரட்டித் தங்கள் சீர்திருத்தச் சமயத்தைப் புகுத்த முயன்றபோது, பரதவர் அசையவில்லை. முத்துக்குளிப்புக்கு ஆள் வேண்டுமே என்பதற்காக ஒல்லாந்தரே விட்டுக்கொடுத்து, சாதித்தலைவரைத் தரகராகக் கொண்டு காரியம் நடத்த வேண்டியதாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சி, இடைவெளிகளோடு, 1825 வரை நீடித்தும் ஊர் கத்தோலிக்க ஊராகவே நின்றது.

இவ்வளவையும் மதுரை நாயக்கர் தம் தலைநகரிலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தனர். திருமலை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதியோடு நடத்திய போரில் போர்த்துகீசியரின் கப்பலுதவியை நாடி, கைம்மாறாகப் பாம்பன் பகுதியில் இடமும் உரிமையும் தர முன்வந்தார். பிறகு ஒல்லாந்தரைக் காயல்பட்டினத்தில் இருத்தினார். அவர்களோடு பிணக்கு முற்றியபோது, 1640களின் இறுதியில் ஒல்லாந்தர் திருச்செந்தூர்க் கோயிலையே கைப்பற்றிக்கொண்ட துயரமும் நேர்ந்தது. முத்துக்குளிப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான படகுகளின் விளைச்சல் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் வரியின்றி உரியதாக இருந்ததால், எந்த ஐரோப்பியர் தூத்துக்குடியில் இருப்பது என்பது மதுரை அரண்மனையின் வரவுசெலவுக் கணக்கோடு பிணைந்த கேள்வியாக இருந்தது. தூத்துக்குடி, காயல், தொண்டி, பாம்பன் ஆகிய ஊர்களின் ஐரோப்பிய வரலாற்றைக் கடலோரத்துக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிட்டு, மகாலின் தூண்களைப் பற்றி மட்டும் மதுரையில் பாடம் நடத்துவது பெருங்குறையாகும்.

மதுரை நகருக்குள்ளேயே வந்து தங்கிய ஐரோப்பியரும் உள்ளூராரைச் சார்ந்தே இருந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துகீசியக் குரு இங்கே இருந்தது, வணிகத்தின்பொருட்டு மதுரைக்கு வந்துபோன பரதவருக்காக. 1606-ல் வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியருக்கு, எருமைக்கட்டி என்று குறிக்கப்படும் நாயக்க அதிகாரி ஒருவர் மனை தந்தார். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணர் வடமொழி கற்பித்தார். நொபிலியைப் பற்றி ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்ட நூல்கள் பல; சிவதருமரைப் பற்றி மதுரையில் எழுதப்பட்ட கட்டுரையைத் தேடித்தான் காண வேண்டும்.

கோரிப்பாளையத்தின் மாணவர்களுக்கு இன்னும் அருகிலேயே இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன. முதலாவது, கோரிப்பாளையம் தர்காவுக்கு முற்காலத்தில் பாண்டியரால் கொடுக்கப்பட்டதாகக் கூறப்படும் கிராமங்களின் மீதான உரிமையை 1573-ல் மதுரை வீரப்ப நாயக்கர் உறுதிப்படுத்தியதைத் தெரிவிக்கும் கல்வெட்டு. வெளியிலிருந்து வந்து தங்கிய ஒரு சமயத்தாரின் புனித இடத்துக்கு, வேற்றுச் சமயத்து அரசர் ஒருவர் வழங்கியதாகச் சொல்லப்படும் நிலத்தை, பின்வந்த வேறொரு மரபின் அரசர் மாற்றாமல் ஏற்றார் என்பதே அதன் செய்தி. தஞ்சை நாயக்கர் தரங்கம்பாடியில் செய்ததையும் வெங்கடாத்திரி நாயக்கர் சென்னையில் செய்ததையும் இந்நாட்டில் முன்பே வழங்கிவந்த இவ்வழக்கத்தின் தொடர்ச்சியாகக் காண வேண்டும். வருவோர்க்கு நிலமும் வரிவிலக்கும் கொடுத்துக் குடியமர்த்துதல் அரசர்க்குரிய கடமைகளுள் ஒன்றாகவே இங்கு கருதப்பட்டிருந்தது. ஐரோப்பியர் அந்தப் பழைய வாயிலின் வழியாகவே உள்ளே வந்தனர்.

இரண்டாவது, அமெரிக்கன் கல்லூரி. அமெரிக்க மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் அனுமதிக்க ஆங்கிலக் கும்பினி தயங்கிய காலத்தில், இலங்கையின் ஆளுநர் பிரவுன்ரிக் இடம் கொடுத்ததால் அவர்கள் 1816-ல் யாழ்ப்பாணத்தில் குடியமர்ந்தனர். 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கும்பினியின் தடையைத் தளர்த்திய மறு ஆண்டே, 1834-ல், அங்கிருந்து மதுரைக்கு வந்தனர். உடன் வந்து, மொழியும் ஊர்வழக்கும் அறிந்தவர்களாக முதற்பணிகளைச் சுமந்தவர்கள் யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்கள். 1881-ல் பசுமலையில் தொடங்கிப் பின்னர் வைகையின் வடகரைக்கு இடம்பெயர்ந்த அக்கல்லூரியின் முன்வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது என்பது அதன் மாணவர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வாறு துணைநின்றோரைப் போற்றும்போது, துணையின் இருண்ட பக்கத்தையும் எழுதத் தயங்கக் கூடாது. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை; பஞ்சமும் படையெடுப்பும் வந்த ஆண்டுகளில் பசியால் விற்கப்பட்ட மனிதர்களும் ஒல்லாந்தர் கப்பல்களில் அடிமைகளாக ஒல்லாந்தரின் கீழைத்தீவுத் தலைநகரான படேவியாவுக்கும் இலங்கைக்கும் ஏற்றப்பட்டார்கள், அந்த விற்பனையிலும் உள்ளூர்த் தரகர்கள் இருந்தார்கள். துணைநின்றவர்களே பலியானதும் உண்டு. புதுச்சேரியின் தலைமைத் துபாஷாக இருந்து, சென்னையிலிருந்து வணிகரையும் தம் உறவினரையும் வரவழைத்து அந்நகரை வளர்த்த நைனியப்ப பிள்ளை, 1716-ல் பிரெஞ்சு ஆளுநரால் சிறையிலிடப்பட்டு, சொத்தும் பறிக்கப்பட்டு, 1717-ல் சிறையிலேயே மாண்டார். அவருடைய மகன் குருவப்பர் பிரான்சு வரை சென்று முறையிட்ட பின்னரே குடும்பத்தின் மானம் மீண்டது. நைனியப்பரின் உறவினரான ஆனந்தரங்க பிள்ளை (1709–1761) 1736 முதல் எழுதிய நாட்குறிப்பை இந்த நிகழ்வை மனத்தில் இருத்திப் படிக்க வேண்டும். ஆளுநர் துய்ப்ளேயின் ஒவ்வொரு சொல்லையும் அவர் ஏன் அவ்வளவு விழிப்போடு குறித்துவைத்தார் என்பது அப்போது விளங்கும்.

உலகின் வேறு கரைகளிலும் குடியேற்றம் இவ்வாறே சரக்கின் பின்னே சென்றது. வட அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜெர்மானியர் பெருகியதற்குக் காரணம், அங்கிருந்து பிரேமன் துறைக்குப் புகையிலை கொண்டுபோன கப்பல்கள் திரும்பும்போது வெறுமையாக வராமல் குடியேறிகளை ஏற்றி வந்ததாகும். 1868-ல் பால்டிமோர்–ஒஹாயோ இரயில் நிறுவனமும் பிரேமன் கப்பல் நிறுவனமும் சேர்ந்து கப்பல் துறையிலேயே இரயில் ஏறும்படி செய்தன. முன்னர்க் குடியேறிய ஜெர்மானியர் 1783-லேயே அமைத்த சங்கம் புதிதாக வருவோர்க்கு உதவியது. தமிழர் புறப்பட்ட கதையிலும் இதே அமைப்பைக் காணலாம்: மதுரை, இராமநாதபுரம் சமவெளிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் தொண்டி, பாம்பன் வழியாகவும், 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி திறந்த பின் மண்டபம் முகாம் வழியாகவும் சென்றனர், மலாயாவுக்குப் போனவர்களை நாகப்பட்டினம் ஏற்றி அனுப்பியது. ஐரோப்பியருக்குத் துபாஷ் நின்ற இடத்தில், அவர்களுக்கு ஆள்திரட்டும் கங்காணி நின்றார். ஆயினும் ஒரு வேறுபாடு மனத்தை உறுத்துகிறது: இங்கு வந்த ஐரோப்பியருக்கு மனையும் வரிவிலக்கும் தந்து அரசர்கள் எழுதிக் கொடுத்தார்கள், இங்கிருந்து போன தமிழரின் பெயர் கடன்சீட்டில்தான் எழுதப்பட்டது.

இனி, செய்ய வேண்டியது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பழைய டச்சு மொழி தெரிந்த தமிழ் ஆய்வாளர் தேவை. மதுரைக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுக்கு ஒருவர் அம்மொழி பயில முன்வந்தாலும், திருமலை நாயக்கர் காலத்துத் தென்கரை பற்றி இன்று ஐரோப்பிய அறிஞர் வழியாக மட்டும் அறியப்படும் செய்திகளை இங்குள்ளோர் நேரே படித்து எழுத இயலும். அதற்குக் காத்திராமல் தமிழிலேயே செய்யத்தக்கவையும் உள்ளன. ஆனந்தரங்கரின் நாட்குறிப்பில் வரும் வணிகர், நெசவாளர் தலைவர், படகுக்காரர் ஆகியோரின் பெயர்களைத் தொகுத்து ஓர் அகரவரிசை ஆக்கலாம். முதுகலை மாணவர் நால்வர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி அது. தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் கோயில்களின் திருமுழுக்குப் பதிவேடுகளையும், பட்டங்கட்டி மரபினர் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் ஓலைகளையும் உரியவர்களின் இசைவோடு படியெடுக்கலாம். கோரிப்பாளையம் கல்வெட்டை நேரில் வாசித்து, அதன் பாடத்தோடு ஒரு விளக்கக் குறிப்பை எழுதும் பணி நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி மாணவியரும் அமெரிக்கன் கல்லூரி மாணவரும் அதைச் சேர்ந்து மேற்கொண்டால், தர்கா நிர்வாகத்தாரின் ஒத்துழைப்பும் எளிதில் கிடைக்கும்.

களப்பணிக்குக் கரையூர்களுக்குச் செல்வோர், கோட்டைகளையும் கல்லறைகளையும் படம் எடுப்பதற்கு முன், படகு கட்டுவோரையும் முத்தும் சங்கும் குளித்த தலைமுறையின் முதியவர்களையும் சந்திப்பது நல்லது. பழவேற்காட்டின் ஒல்லாந்தர் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன. அவற்றின்மேல் பொறித்த பெயர்களை இன்னும் நெடுங்காலம் படிக்கலாம். தைத்த படகைக் கட்டவும், உடையும் அலையில் அதைச் செலுத்தவும் அறிந்தவர்களிடம் எஞ்சியிருக்கும் சொற்களும் பாட்டும் காற்றுக்கணிப்பும் ஏட்டில் ஏறவில்லை. அவற்றைப் பதிவு செய்யும் குழுவை வரும் கல்வியாண்டின் முதற்பருவத்திலேயே அமைக்குமாறு ஆசிரியர்களை இம்மடல் வேண்டிக்கொள்கிறது.

இங்ஙனம்,
மதுரை வரலாற்றில் அக்கறை கொண்ட ஒருவர்,
கோரிப்பாளையம்.